பெயர் சான்றாகுமா?

ஒலி ஒத்திருப்பதால் மட்டும் இரு சொற்கள் உறவாகிவிடா என்பது மொழியியலில் நான் முதலில் கற்ற பாடம். மாமரங்களுக்கும் அது பொருந்தும். கிளிமூக்கு, தோத்தாபுரி, பெங்களூரா: பெயர் மூன்று, ரகம் ஒன்று. டெல்லி இந்திய வேளாண் ஆராய்ச்சி நிறுவனம் உருவாக்கிய மல்லிகாவும் அம்ரபாலியும் பெயரால் அயலார். ஆனால் இரண்டுக்கும் பெற்றோர் நீலமும் தசேரியுமே. முன்னதற்கு நீலம் தாய், பின்னதற்குத் தசேரி தாய்.

இங்கே சான்று கூற வல்லவை ஐசோசைம்கள். ஒரே வேலையைச் செய்யும் நொதியின் மாற்று வடிவங்கள். இலைச்சாற்றை ஜெல்லில் இட்டு மின்சாரம் செலுத்தினால் அவை தனித்தனிப் பட்டைகளாகப் பிரியும். சேய் தாயிடமிருந்து ஒரு வடிவத்தையும் தந்தையிடமிருந்து ஒன்றையும் பெறுகிறது, இரண்டுமே வெளிப்படும். பெற்றோர் இருவரிடமும் இல்லாத பட்டை சேயிடம் தென்பட்டால், சொல்லப்பட்ட வம்சாவளியை ஐயுற வேண்டும். பட்டைகள் பொருந்தினாலோ உறவு மறுக்கப்படவில்லை, அவ்வளவே. எது தாய் என்பதை அவை சொல்லா; அதற்குக் கலப்பினப் பதிவேடே துணை.

உழவரோ பெயரை நம்பியே ஒட்டுக்கன்று வாங்குகிறார். காய்ப்புக்கு வர 4, 5 ஆண்டுகள். பிழை தெரிவதும் அப்போதுதான். ஆகவே ஒட்டுக்குச்சி எடுக்கும் தாய்மரங்களை நொதியாலோ டிஎன்ஏவாலோ சோதித்துப் பதிவுசெய்வதைக் கட்டாயமாக்க வேண்டும் என்பேன். செலவு மிகும் என்பது வலுவான மறுப்பன்று. ஒட்டின் மேற்பகுதி தாய்மரத்தின் அச்சுப்படி. ஒரு மரத்தைச் சோதித்தால் அதிலிருந்து வரும் கன்றுகள் அனைத்துக்கும் அது செல்லும். தோட்டக்கலை ஆய்வாளர்கள் மாறுபட்டால் எழுதுக.