புதுமைப்பித்தனும் சொ.விருத்தாசலமும் ஒருவர்தான்... நூலகக் கம்ப்யூட்டருக்கு யார் சொல்வது?

கடலூர் திருப்பாதிரிப்புலியூரில் 1906-ல் பிறந்தவர் சொ.விருத்தாசலம். யாரென்று தெரியவில்லையா? புதுமைப்பித்தன் என்றால், 'அட, அவரா!' என்பீர்கள். இது மனிதர்களுக்குச் சட்டெனப் புரியும். நூலகக் கம்ப்யூட்டருக்கு யாராவது சொல்லிக்கொடுத்தால்தான் உண்டு.

அதே கடலூரில் 1934-ல் பிறந்த ஜெயகாந்தன் பெயரையே எடுத்துக்கொள்வோம். த.ஜெயகாந்தன், டி.ஜெயகாந்தன், வெறும் ஜெயகாந்தன் என மூன்று விதமாக எழுதலாம். மூன்றும் தனித்தனி ஆசிரியராகப் பதிவானால், தேடுபவருக்குச் சில புத்தகங்கள்தான் கண்ணில் படும். மற்றவை அலமாரியில் இருந்தும் இல்லாத மாதிரிதான்.

இந்த நேரத்தில் நூலகங்கள் பேசும் புது விஷயம், ஆர்.டி.ஏ. எனும் பட்டியலிடும் விதிமுறை. இதற்கு முந்தையது 1978-ல் வந்த ஏ.ஏ.சி.ஆர்.2. அது கார்டு டிராயர் காலத்து யோசனை. நான்கு பேர் சேர்ந்து எழுதிய நூலென்றால் முதல் பெயரை மட்டும் போடு, மீதிப் பேர் 'மற்றும் பிறர்' என்றது. (அந்த மூணு பேர் பாவம்!) 2010-ல் வெளியான ஆர்.டி.ஏ.வில் எல்லோர் பெயரையும் தரலாம். ஆசிரியரின் பிறந்த ஊர், தொழில் போன்ற விவரங்களையும் சேர்க்கலாம். அமெரிக்காவின் காங்கிரஸ் நூலகமே சோதித்துப் பார்த்து, ஊழியர்களுக்குப் பயிற்சி கொடுத்து, 2013 மார்ச் 31-ல்தான் இதற்கு மாறியது.

சிதம்பரம் அண்ணாமலைப் பல்கலைக்கழக நூலகமோ, கடலூர் மாவட்ட மைய நூலகமோ மாறுவதென்றால் எங்கே தொடங்குவது? சாஃப்ட்வேரில் அல்ல, பெயர்களில். ஒருவரின் எல்லாப் பெயர்களையும் ஒன்றோடொன்று இணைக்கும் பட்டியல்தான் முதல் தேவை. பழைய விதியிலும் இது உண்டு. அதைச் செய்யாமல் புது விதிக்குப் போனால், பழைய குழப்பம் புது ஸ்கிரீனில் தெரியும், அவ்வளவுதான்.

'வெளிநாட்டுப் பதிவுகளை டவுன்லோடு செய்தால் போதாதா?' என்று கேட்கலாம். அமெரிக்க முறையில் தமிழின் 'த' எங்கே வந்தாலும் ஆங்கில 'டி' மட்டும்தான். நாமோ 'டி-எச்' போட்டுத் தேடுவோம். கிடைக்குமா?

சிதம்பரத்துக்குப் பக்கத்திலேயே இருக்கும் சீர்காழியில் பிறந்த எஸ்.ஆர்.ரங்கநாதன், 1934-லேயே பட்டியலிடுவதற்கெனத் தனி விதிநூல் எழுதியவர். அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் நூலகத் துறையும் இருக்கிறது. கடலூர் மாவட்ட எழுத்தாளர்களின் பெயர்ப் பட்டியலை மாணவர்களுக்கு ப்ராஜெக்ட்டாகவே கொடுக்கலாம். ஆள் பற்றாக்குறை என்பது நியாயமான பதில்தான். ஆனால், ஒரு நூலகம் ஒருமுறை செய்துவிட்டால், மற்ற நூலகங்கள் அப்படியே எடுத்துக்கொள்ள முடியும்.