ஹோட்டன் சமவெளியின் வாசலும் எங்கள் வீட்டு வாசலும்

கடந்த விடுமுறையில் நாங்கள் குடும்பமாக ஹோட்டன் சமவெளிக்குப் போய் ஓர் இரவு கூடாரத்தில் தங்கினோம். வனஜீவராசிகள் திணைக்களத்தில் வாப்பா முன்கூட்டியே அனுமதி எடுத்திருந்தார். கல்முனை வெயிலில் வளர்ந்த எங்களுக்குக் கடல் மட்டத்திலிருந்து சுமார் 2100 மீற்றர் உயரத்துக் குளிர் புதிது. சுபஹுக்கு வுழூச் செய்தபோது விரல்கள் மரத்துப் போயின. மூத்தம்மா இரண்டு போர்வைக்குள்ளும் நடுங்கினார். 'உலக முடிவு' என்னும் செங்குத்துப் பள்ளத்தையும் பார்த்தோம். ஆனாலும் என் மனதில் அதிகம் நிற்பது அந்தப் பூங்காவின் நுழைவாயில்தான்.

அங்கே உத்தியோகத்தர்கள் எங்கள் பைகளைத் திறந்து பார்த்தார்கள். உம்மா பொலித்தீனில் சுற்றியிருந்த ரொட்டி கடதாசிக்கு மாறியது. தண்ணீர்ப் போத்தல்களின் லேபலையும் உரித்து எடுத்தார்கள். எதற்கும் வாதாடும் வாப்பாகூட ஒரு வார்த்தை பேசவில்லை. மூத்தம்மா மட்டும், "நம்மட ஊருலயும் இப்படி ஒராள் நிண்டா எவ்வளவு நல்லம்" என்றார்.

காரணம் அன்று மாலையே புரிந்தது. கூடாரங்களுக்குப் பக்கத்திலேயே மரைகள் மேய்ந்தன. உணவு வாசனை ஒட்டிய பொலித்தீனை அவை உணவென்றே தின்றுவிடும். 1988 இல் தேசிய பூங்காவான இந்தச் சமவெளியில்தான் மகாவலி, களனி, வளவை ஆறுகளின் ஊற்றுக்கண்கள் இருக்கின்றன. அங்கே வீசும் குப்பை ஆற்றோடும் போகும்.

வீடு திரும்பிய மறுநாள், மிஞ்சிய சோற்றையும் மீன் முள்ளையும் வழக்கம்போல் ஒரு ஷொப்பிங் பையில் போட்டு முடிச்சிட்டேன். குப்பை உழவு இயந்திரத்துக்காக அதைக் கேற்றில் மாட்டப் போனபோது கை நின்றுவிட்டது. இது எங்கே போகிறது?

நமது கரையோர ஊர்களின் குப்பை சேரும் இடங்களில் ஒன்று பள்ளக்காடு. அங்கே காட்டு யானைகள் குப்பை மேட்டில் இரை தேடும் படங்களை நீங்களும் பார்த்திருப்பீர்கள். அதற்கு முந்தைய எட்டு ஆண்டுகளில் சுமார் 20 யானைகள் அங்கே பிளாஸ்டிக்கைத் தின்று இறந்ததாக, வனவிலங்கு மருத்துவர் ஒருவர் கூறிய செய்தி 2022 இன் தொடக்கத்தில் வெளிவந்தது. யானைக்கு வேண்டியது பை அல்ல, பைக்குள் இருக்கும் சோறு. முடிச்சை அவிழ்க்க அதற்குத் தெரியாது. முடிச்சுப் போட்டது நாம்.

"நாம ஒரு வீடு மட்டும் பிரிச்சு என்ன செய்ய? எல்லாத்தையும் ஒண்டாத்தானே ஏத்துறாங்க" என்றார் உம்மா. அது நியாயமான கேள்விதான். குப்பையைத் தரம் பிரித்து அகற்றுவதும், மேட்டைச் சுற்றி வேலி அமைத்துப் பராமரிப்பதும் அதிகாரிகளின் கடமை. அதை நாம் கேட்கத்தான் வேண்டும். ஆனால் சோற்றைப் பொலித்தீனில் கட்டாமல் இருக்க யாருடைய அனுமதியும் தேவையில்லை. லஞ்ச் சீட்டை 2017 இல் தடை செய்தார்கள். சட்டம் வந்தும் பழக்கம் முழுதாகப் போகவில்லை. "தூய்மை ஈமானின் பாதி" என்று வகுப்பறைச் சுவரில் எழுதி வைத்திருக்கிறோம். அந்தத் தூய்மை நம் வீட்டு வாசலோடு முடிந்துவிடுமா?

மலையில் ஒரு நாள் மட்டும் ஒழுங்காக இருந்துவிட்டு வருவது சுற்றுலா. அந்த ஒழுங்கை ஊருக்குக் கொண்டு வந்தால்தான் அது கல்வி.

இப்போது எங்கள் வளவில் தென்னைக்கு அடியில் ஒரு குழி இருக்கிறது. சோறும் முள்ளும் மரக்கறித் தோலும் அதற்குள் போய், மேலே மண் விழுகிறது. கழுவிய பொலித்தீன் தனிச் சாக்கில் சேர்கிறது. சாக்கைக் கேற்றுக்குக் கொண்டு போகுமுன் மூத்தம்மா திறந்து பார்ப்பார். ஒரு பருக்கை இருந்தாலும் திருப்பி அனுப்பிவிடுவார்.

தோழிகளே, பெற்றோரே, உங்கள் வீட்டு வாசலில் யார் நிற்கப் போகிறீர்கள்?