நாடகம் மேடையில் மட்டும்தானா? லாபியிலும் கதை சொல்ல அண்ணன்மார் கதை காட்டும் வழி

நாடகம் ஆறரை மணிக்கு. ஆறு மணிக்கே வந்துவிட்டவர் என்ன செய்வார்? ஒரு காபி, செல்போனில் ரெண்டு ரீல்ஸ், மணி அடித்ததும் உள்ளே. அந்த அரை மணி நேரத்தைப் பயன்படுத்திக்கொள்வதுதான் 'லாபி கண்காட்சி'.

அப்படின்னா என்ன?

நாடகத்தின் ஊர், காலம், பின்னணியை அரங்கின் முன்கூடத்திலேயே அறிமுகப்படுத்துவது. அமெரிக்க அரங்குகளில் 'டிராமாடர்க்' எனப்படும் நாடக ஆய்வாளர் இதைத் தயாரிப்பது வழக்கம். சுவரில் படமும் குறிப்பும் மட்டும் இருந்தால் அது சாதாரணக் கண்காட்சி. பார்வையாளர் தொடவும், கேட்கவும், பதில் எழுதவும் இடம் இருந்தால் அது 'இன்டராக்டிவ்'.

நமக்கு இது புதுசா?

முழுசா புதுசு இல்ல. கம்பெனி நாடகக் காலத்தில் கொட்டகையிலேயே பாட்டுப் புத்தகம் விற்றார்கள். பக்கத்துக் கொச்சியில் கதகளிக்குச் சீக்கிரம் போனால், கலைஞர்கள் ஒப்பனை போடுவதையே உட்கார்ந்து பார்க்கலாம். கொங்குப் பகுதியின் படுகளம் சடங்கில், கூட்டத்தில் நிற்பவரே அருள் வந்து களத்தில் விழுவார், பிறகு எழுப்பப்படுவார். ஆடுபவர், பார்ப்பவர் என்ற கோடே அங்கே அழிந்துவிடும்.

கோவைக்கு ஏன் தேவை?

அந்தப் படுகளத்துக்குப் பின்னால் இருக்கும் அண்ணன்மார் கதையையே எடுத்துக்கொள்வோம். உடுக்கைப் பாட்டாகப் பல இரவுகள் பாடப்படும் கதை இது. கனடா மானுடவியலாளர் பிரெண்டா பெக் 1960-களில் காங்கேயம் வட்டாரத்தில் இதை ஒலிப்பதிவு செய்தார். பின்னர் 26 பகுதி அனிமேஷன் தொடராகவும் கொண்டுவந்தார். கருணாநிதியின் 'பொன்னர் சங்கர்' நாவல் 2011-இல் சினிமாவானது.

இவ்வளவு நீளக் கதையை இரண்டு மணி நேர நாடகமாக்கினால் வெட்டியே ஆகணும். பொன்னரும் சங்கரும் தப்பிவிடுவார்கள். தங்கை தங்காளின் துயரமும், கூடவே நின்ற சாம்புவனின் பங்கும், எதிரிகளாக வரும் வேட்டுவர் தரப்பு நியாயமும் சுருங்கிப்போகலாம். இன்றும் பல சமூகங்கள் தங்கள் கதையாக நினைக்கும் ஒன்றில், யார் பக்கம் விடுபடுகிறது என்பது சின்ன விஷயமல்ல. மேடையில் இடமில்லாததற்கு லாபியில் இடம் இருக்கிறது.

எப்படிச் செய்யலாம்?

மூன்று மேசை போதும். முதல் மேசையில் ஓர் உடுக்கை, ஒரு ஹெட்போன்: தட்டிப் பார்க்கலாம், பாட்டைக் கேட்கலாம். இரண்டாவதில் ஒரே சம்பவம் இரு தரப்புப் பார்வையிலும் அருகருகே. மூன்றாவதில் காகிதமும் பேனாவும்: "உங்க ஊர்ல இந்தக் கதையை எப்படிச் சொல்லுவாங்க?" நாடகம் முடிந்து வெளியே வருபவர்கள் மற்றவர்கள் எழுதியதைப் படித்துவிட்டுப் போகலாம்.

எதில் கவனம் வேணும்?

முடிவை லாபியிலேயே சொல்லிவிடக் கூடாது. எல்லாவற்றையும் க்யூஆர் கோடுக்குள் அடைத்தால் பெரியவர்கள் ஒதுங்கிவிடுவார்கள். எழுத்து பெரிதாக இருக்கட்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, உடுக்கைக் கலைஞரை அழகுக்கு நிறுத்தும் பொம்மையாக்கக் கூடாது. அவர் குரலைப் பயன்படுத்தினால் அனுமதி, பெயர், ஊதியம் மூன்றும் தரணும். பூஜையில் இருக்கும் உடுக்கையை வெளியே வைக்கலாமா என்பதையும் அவர்தான் சொல்லணும்.

இடம் இல்லை என்ற சாக்கு கோவையில் எடுபடாது. அவினாசி சாலையில் உள்ள கஸ்தூரி சீனிவாசன் அறக்கட்டளை வளாகத்தில் கலைக்கூடமும் அரங்கமும் பக்கத்துப் பக்கத்திலேயே இருக்கின்றன. குறைவது திட்டமிடல்தான். கடைசி வாரத்தில் அவசரமாக ஒட்டும் போஸ்டர் கண்காட்சி ஆகாது. ஒத்திகை தொடங்கும் நாளிலேயே லாபிக்கென ஒருவரைப் பொறுப்பாக்கி, செலவுக் கணக்கில் அதற்கும் ஒரு வரி ஒதுக்க வேண்டும். வெட்டப்பட்ட கதைகள் எங்கே போகும் என்பதை இயக்குநரும் அவரும் அன்றே உட்கார்ந்து பேசணும்.