புது மீன் சாப்பிட மறுத்தால்...

கடல்நீர்த் தொட்டி வைத்திருக்கும் சகோதரிகளே, ஓர் அனுபவம். நோய் தொற்றாமலிருக்க புது மீனை முதலில் தனித் தொட்டியில் விடுவோமில்லையா? அப்படி விட்ட எங்கள் முதல் 'டாங்' மீன் பட்டினியாகவே செத்துப் போச்சு. சாப்பிடலையே என்று தீனியைக் கொட்டிக்கொண்டே இருந்தேன். அது அழுகி, தண்ணீரில் அம்மோனியா ஏறிவிட்டது.

அடுத்த மீன் வந்தபோது முதல் நாள் விளக்கே போடவில்லை. மூன்று பக்கமும் காகிதம் ஒட்டி, ஒளிந்துகொள்ள பிளாஸ்டிக் குழாய்த் துண்டுகள் போட்டேன். டாங், நாள் முழுக்கப் பாசி மேயும் ஜாதி. ஆகவே உப்பு, எண்ணெய், மசாலா சேராத 'நோரி' பாசித் தாளைக் கல்லில் ரப்பர் பாண்டால் கட்டி வைத்தேன். மிச்சத்தை அன்றன்றே எடுத்துவிட்டு, அம்மோனியாவைச் சோதித்து, அதே உப்பும் அதே சூடுமுள்ள தண்ணீராகக் கொஞ்சம் மாற்றினேன்.

மூன்றாம் நாள் ஓரத்தைக் கொறித்ததே, பார்க்கணும்! பிறகு சிறு இறாலும் தின்றது. ஒட்டிக் கிடந்த வயிறு நிறைந்து, ஒரு மாதம் கழித்துத்தான் பெரிய தொட்டிக்கு மாற்றினோம்.

ஒரு எச்சரிக்கை: இதன் வாலடியில் கத்தி போல் முள் உண்டு. வலையில் சிக்கும், கையையும் கிழிக்கும். பிளாஸ்டிக் டப்பாவால் பிடியுங்கள்.

புது இடத்துக்கு வந்த குழந்தை மாதிரிதான். பயம் தெளிந்தால் பசி தானே வரும்.