யாருடைய அச்சத்துக்குத் துவக்கு?

'தன்னைக் காத்துக்கொள்ளும் உரிமை எவ்வுயிர்க்கும் உண்டு. கள்வன் கையில் துவக்கு இருக்கையில், நல்லவன் வெறுங்கையனாக நிற்கவேண்டுமெனச் சட்டம் கட்டளையிடுவது எந்த நியாயம்?' கைத்துப்பாக்கியைப் பொதுமக்கள் வைத்திருக்க அனுமதிக்கவேண்டும் என்போர் இவ்வினாவுடனேயே தம் வாதத்தைத் தொடங்குகின்றனர். கேட்ட மாத்திரத்தில் தலையசைக்கத் தூண்டும் வினா. 2025ஆம் ஆண்டு பெப்ரவரி 19ஆந் திகதி, கொழும்பு புதுக்கடை நீதிமன்றத்தினுள் சட்டத்தரணி வேடத்தில் வந்தவன் ஒருவன், குடையப்பட்ட சட்டப் புத்தகத்துள் மறைத்துக் கொண்டுவரப்பட்ட ரிவோல்வரால் சந்தேகநபர் ஒருவரைச் சுட்டுக் கொன்றான். நீதிமன்றத்திலேயே காவலில்லை எனின் வீட்டில் ஏது காவல் என்று சாதாரண மனிதன் அஞ்சுவது இயல்பே. அந்த அச்சத்தை நாம் எள்ளி நகையாடவில்லை. ஆனால், அச்சத்துக்கு மருந்தென விற்கப்படும் பொருளைச் சற்றுக் கூர்ந்து நோக்கவேண்டியுள்ளது.

தற்காப்புரிமையை மறுப்பது இங்கு நோக்கமன்று. நமது 1883ஆம் ஆண்டுத் தண்டனைச் சட்டக்கோவையே அதனை ஏற்கின்றது. பன்றிக் கூட்டத்திடமிருந்து பயிரைக் காக்கும் விவசாயியின் அனுமதிபெற்ற வேட்டைத்துவக்கும் இங்கு பேச்சன்று. அது நீளமானது, தோளிற் கிடந்தால் ஊரே காணும். கைத்துப்பாக்கியின் பயன் முழுவதும் அது பிறர் கண்ணுக்குப் புலப்படாதிருப்பதிலேயே தங்கியுள்ளது. 1959 செப்டெம்பர் 25ஆந் திகதி, பிரதமர் பண்டாரநாயக்காவின் இல்லத்து விறாந்தையில் அது காவியுடையின் கீழிருந்தே வெளிவந்தது. கொல்ல வருபவன் நேரத்தையும் இடத்தையும் தானே குறித்துக்கொண்டு வருகிறான். 1989 செப்டெம்பர் 21ஆந் திகதி, யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்திலிருந்து சைக்கிளில் வீடு திரும்பிக்கொண்டிருந்த ரஜனி திரணகமவின் கைப்பையில் ஒரு கைத்துப்பாக்கி இருந்திருப்பின் அவர் தப்பியிருப்பாரோ? யுத்தத்தைக் கண்ட நம்மவர்க்கு இதற்கு விடை சொல்லித் தரவேண்டியதில்லை.

இவ்வாதத்தின் தாயகம் ஐக்கிய அமெரிக்கா. ஆகவே, அதனை உரைத்துப் பார்க்கவேண்டிய கல்லும் அதுவே. 2008ஆம் ஆண்டில் அந்நாட்டு உயர் நீதிமன்றம், ஐந்துக்கு நான்கு என்ற பெரும்பான்மையால், தற்காப்புக்காக வீட்டிற் கைத்துப்பாக்கி வைத்திருப்பது அரசியலமைப்பு வழங்கிய தனிமனித உரிமை எனத் தீர்த்தது. 2022இல் மேலும் ஒரு படி சென்று, மறைத்துக் கொண்டுசெல்ல விரும்புவோர் தக்க காரணம் காட்டவேண்டுமென நியூயோர்க் மாநிலம் நூறாண்டுக்கும் மேலாகப் பேணிவந்த விதியை வீழ்த்திற்று. நீதியரசர்கள் வரலாற்றைப் புரட்டிப் புரட்டித் தீர்ப்பெழுதினர். அதே வரலாற்றின் வேறு சில ஏடுகளை நாமும் புரட்டுவோம்.

1857இல், டிரெட் ஸ்கொட் வழக்கில், கறுப்பினத்தவர் குடிமக்களாக முடியாதெனத் தீர்ப்பளித்த பிரதம நீதியரசர் ரோனி அதற்குக் கூறிய காரணங்களுள் ஒன்று, குடிமக்களாயின் அவர்கள் செல்லுமிடமெல்லாம் ஆயுதமேந்தும் உரிமையும் பெற்றுவிடுவர் என்பதாகும். அடிமைமுறை ஒழிந்த 1865ஆம் ஆண்டிலேயே, விடுதலைபெற்றவர் அனுமதியின்றித் துவக்கு வைத்திருத்தலாகாதென மிசிசிப்பி மாநிலம் சட்டமியற்றிற்று. 1956 ஜனவரியில் மாட்டின் லூதர் கிங்கின் வீட்டின்மீது குண்டு வீசப்பட்டது. மனைவியும் கைக்குழந்தையும் உள்ளே இருந்தனர். அவர் கைத்துப்பாக்கி கொண்டுசெல்ல அனுமதி கோரினார். மறுக்கப்பட்டது. தற்காப்பு என்னும் சொல்லுக்கு இதனினும் பொருத்தமான விண்ணப்பதாரி அக்காலத்து அலபாமாவில் யார் இருந்தார்? 1967 மே மாதத்திற் கருஞ்சிறுத்தைக் கட்சியினர் ஆயுதங்களுடன் கலிபோர்னியச் சட்டமன்றத்துள் நுழைந்ததும், குண்டேற்றிய துவக்குடன் பொதுவிடத்தில் நடமாடுவதைத் தடைசெய்யும் சட்டம் விரைந்து நிறைவேறியது. கையொப்பமிட்டவர் ஆளுநர் ரீகன். பின்னாளில் துவக்குரிமையாளரின் பேரபிமானத்துக்குரிய குடியரசுத் தலைவராக விளங்கியவரும் அவரே!

இவை பழங்கதைகள் எனலாம். புளோரிடா மாநிலம் 2005இல் ஒரு சட்டம் இயற்றியது. தனக்கு உயிராபத்து உண்டென நியாயமாக அஞ்சுபவன், பின்வாங்க வழியிருப்பினும் பின்வாங்கவேண்டியதில்லை. நின்ற இடத்திலேயே சுடலாம் என்பது அதன் சாரம். 2012 பெப்ரவரியில், கடையில் இனிப்பும் பானமும் வாங்கித் திரும்பிக்கொண்டிருந்த 17 வயதுக் கறுப்பினச் சிறுவனை, அயற் காவலனாகச் செயற்பட்ட ஒருவன் பின்தொடர்ந்து சென்று கைத்துப்பாக்கியாற் சுட்டுக் கொன்றான். சிறுவன் கையில் ஆயுதமில்லை. தற்காப்பெனக் கூறிய கொலையாளி 2013இல் விடுதலையானான். அதே மாநிலத்தில், அதே 2012இல், தன்னைத் துன்புறுத்திவந்த கணவனை அச்சுறுத்த எச்சரிக்கை வேட்டுத் தீர்த்த கறுப்பினப் பெண்ணொருவருக்கு இருபது ஆண்டுச் சிறைத்தண்டனை விதிக்கப்பட்டது. அவ்வேட்டால் எவரும் காயமுறவில்லை. துவக்கும் அனுமதி பெற்றதே. மேன்முறையீட்டின் பின்னரே, மூன்றாண்டுகளை இழந்த நிலையில், அவர் வெளிவந்தார். இருவரும் அஞ்சியதாகவே கூறினர். சட்டம் எவருடைய அச்சத்தை நியாயமானதென ஏற்றது?

சட்டப் புத்தகத்தில் எழுதப்பட்டிருப்பது துவக்கு வைத்திருக்கும் உரிமை. நடைமுறையிலோ, தன் அச்சத்தை நியாயமென நீதிமன்றத்தில் நிலைநாட்டவல்ல தகுதி படைத்தவனுக்கே அது உரிமை. நிறமும் சொத்தும் அந்தஸ்தும் இல்லாதவனுக்கு அதுவே குற்றத்தின் சான்றாகிவிடுகிறது. 2016 ஜூலையில் மினசோட்டாவில் பாடசாலை உணவுச்சாலைப் பணியாளர் ஒருவரின் வாகனத்தைப் பொலிஸ்காரர் மறித்தார். தம்மிடம் துவக்கு இருப்பதை அவர் மரியாதையுடன், தாமாகவே அறிவித்தார், அனுமதியும் பெற்றிருந்தார். சில விநாடிகளிற் சுட்டுக் கொல்லப்பட்டார். சுட்ட பொலிஸ்காரர் மறுவருடம் விடுதலையானார்.

சரி, நிறபேதமற்ற உலகொன்றைக் கற்பனை செய்வோம். அங்கேனும் இக்கருவி காக்குமா? 2023ஆம் ஆண்டில் ஐக்கிய அமெரிக்காவில் துவக்குகளால் மாண்டோர் 46,728 பேர். அவர்களுள் 27,300 பேர் தம்மைத் தாமே சுட்டுக்கொண்டவர்கள். கள்வனுக்கென வாங்கிய குண்டு வாங்கியவன் உடலிலேயே பாய்ந்தது. கலிபோர்னியாவில் ஏறத்தாழ 2 கோடி 60 இலட்சம் பேரைப் பன்னிரண்டு ஆண்டுகள் பின்தொடர்ந்த ஆய்வொன்று 2020இல் வெளியாயிற்று. கைத்துப்பாக்கி வைத்திருந்த ஆண்கள் துவக்கால் தற்கொலை புரிந்த வீதம் ஏனைய ஆண்களினதைவிட ஏறத்தாழ எட்டு மடங்கு. பெண்களிடையே 35 மடங்கு. அதே ஆய்வாளர் 2022இல் வெளியிட்ட முடிவு இன்னுங் கொடியது: கைத்துப்பாக்கி உடையவருடன் ஒரே வீட்டில் வாழ்வோர், வாழ்க்கைத்துணையாற் சுட்டுக் கொல்லப்படும் வீதம் பிறரைவிட ஏழு மடங்கு; அங்ஙனம் இறந்தோரில் 84 சதவீதத்தினர் பெண்கள். பெண்ணின் பாதுகாப்புக்கென்று 1989இல் ஒரு பெருங் கம்பனி 'லேடிஸ்மித்' என்னும் பெயரில் அழகிய கைத்துப்பாக்கிகளைச் சந்தைக்கு விட்டது. அச்சமும் ஒரு சந்தைதானே! ஆனால் பெண்ணை அச்சுறுத்துபவன் இருளில் ஒளிந்திருக்கும் அந்நியன் அல்லன். பெரும்பாலும் அவளுடன் ஒரே மேசையில் உணவருந்துபவன்.

'சாகத் துணிந்தவன் துவக்கில்லாவிடின் வேறு வழி தேடுவான்' என்று உடனே மறுமொழி வரும். இதற்கு விடை அமெரிக்காவில் இல்லை; நம் கிராமங்களில் உண்டு. 1995ஆம் ஆண்டளவில் இலங்கை உலகிலேயே தற்கொலை வீதம் மிக உயர்ந்த நாடுகளுள் ஒன்றாக இருந்தது. வீட்டு மூலையில் இருந்த பீடைநாசினிப் போத்தலே அதற்கு முதற்காரணம். கணவனுடன் ஒரு சொல், பரீட்சையில் ஒரு தோல்வி, கடன்காரனின் ஒரு வசை. கைக்கெட்டிய தூரத்திலே நஞ்சு. அவ்வாண்டில் அதிகொடிய வகைப் பீடைநாசினிகள் தடைசெய்யப்பட்டன. 1998இலும் பின்னர் 2008 முதல் 2011 வரையிலும் மேலுஞ் சில. வறுமை ஒழியவில்லை, 2009 வரை யுத்தமும் ஓயவில்லை, குடும்பச் சண்டைகளும் குறையவில்லை. ஆயினும் 2015ஆம் ஆண்டளவில் தற்கொலை வீதம் ஏறத்தாழ 70 சதவீதம் வீழ்ந்தது. அந்த இருபது ஆண்டுகளில் ஏறக்குறைய 93,000 உயிர்கள் காக்கப்பட்டன என்பது ஆய்வாளர் கணிப்பு. வேறு வழி தேடுவான் எனப்பட்ட மனிதன் தேடவில்லை. விடிந்ததும் எழுந்து வயலுக்குப் போனான். போத்தலைப் பூட்டிவைத்த நாடு, அதனினும் விரைந்து கொல்லும் இரும்பை அலுமாரியில் வைக்கலாமென்று வாதிடுவது விந்தையே.

முற்போக்கு அணியிலுள்ள நண்பர் சிலர் வேறொரு திசையிலிருந்து இதே முடிவுக்கு வருகின்றனர். 'ஆயுதம் அரசிடம் மட்டும் இருப்பின் உழைப்பவன் என்செய்வான்? தொழிலாளர் ஆயுதங்களைக் கையளிக்கலாகாதென மார்க்ஸும் ஏங்கெல்ஸும் 1850இல் கூறவில்லையா?' கூறினர். ஆனால், அவ்வறிக்கையை முழுவதும் படித்தவர், அங்கு பேசப்படுவது தாமே தெரிவுசெய்த தலைவர்களின் கீழ் அணிதிரண்ட தொழிலாளர் காவற்படை என்பதை அறிவர். 1921இல் மேற்கு வேர்ஜினியாவின் பிளேயர் மலையிற் சுரங்கத் தொழிலாளர் ஆயிரக்கணக்கில் ஆயுதமேந்தினர். 1964இல் லூசியானாவிற் கறுப்பின உழைப்பாளர் தம் குடியிருப்பைக் காக்கக் காவற்குழு அமைத்தனர். இவற்றின் சரிபிழை வேறு விவாதம். இரண்டிலும் துவக்குக்கு முன்னே சங்கம் இருந்தது. தலையணைக்கடியிற் கிடக்கும் கைத்துப்பாக்கிக்குச் சங்கமில்லை. அது ஒருவனை அயலவனிடமிருந்து பிரித்து, படலை திறக்குஞ் சத்தத்துக்கெல்லாம் திடுக்கிடும் தனியனாக்குகிறது. உழைக்கும் மக்கள் பயிலவேண்டியதன் நேர்மாறு இது.

நம் நாட்டில் 1916ஆம் ஆண்டின் சுடுகலன்கள் கட்டளைச் சட்டம் துவக்கை அனுமதிப்பத்திரத்தின் கீழ் வைத்தது. ஆயினும், 'தனிப்பட்ட பாதுகாப்பு' என்ற வாயிலால் கைத்துப்பாக்கி வெளியே சென்றே வந்தது. அவ்வாயிலில் நுழைந்தோர் யாவர்? அரசியல்வாதியும் வர்த்தகரும் அவர்தம் நெருங்கியோருமே. தோட்டத்து லயத்தில் வாழும் பெண்ணும், கணவனிடம் அடிபட்டுப் பொலிஸ் நிலையத்து வாங்கில் மணிக்கணக்காகக் காத்திருப்பவளும் அல்லர். அவள் கேட்பது துவக்கன்று. முறைப்பாட்டை எழுதிக்கொள்ளுங்கள் என்பதே.

2024 நவம்பரிற் பாதுகாப்பு அமைச்சு, தனிப்பட்ட பாதுகாப்புக்கென வழங்கப்பட்டிருந்த துவக்குகளை மீளாய்வுக்காகத் திருப்பி ஒப்படைக்குமாறு கோரியது. அவ்வாறு சேர்ந்தவற்றில் ஒன்றுதானும் பழைய கைகளுக்குத் திரும்பலாகாது. மெய்யான உயிராபத்து உள்ளவருக்குக் காவல் வழங்குவது பொலிஸாரின் கடமை. திருப்பிக் கொடுத்ததுண்டாயின் எத்தனை, எத்தொழிலினருக்கு, எக்காரணத்தின்பேரில் என்ற விபரம் மாவட்டவாரியாகப் பாராளுமன்றத்தில் வைக்கப்படல்வேண்டும். வைக்கப்படாவிடின், 2016ஆம் ஆண்டின் தகவலறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் எந்தக் குடிமகனும் ஒரு தாளில் எழுதிக் கேட்கலாம். அதற்கு அனுமதிப்பத்திரம் வேண்டியதில்லை.