‘கன்னி’ என்னும் அடைமொழி

ஜனவரி 20: புனித செபஸ்தியார், மறைசாட்சி. ஜனவரி 21: புனித ஆக்னஸ், கன்னி, மறைசாட்சி. திருச்சபை நாட்காட்டி இப்படித்தான் சொல்கிறது. அம்பு தைத்த படைவீரரின் கன்னிமையை யாரும் விசாரிக்கவில்லை.

ரோமில் கொல்லப்பட்டபோது ஆக்னஸுக்கு வயது 12 என்கிறார் 4ஆம் நூற்றாண்டு ஆயர் அம்புரோஸ். மணக்க மறுத்தவளை விபசார விடுதிக்கு அனுப்பும் மரபுக்கதை, அங்கே யாரும் தீண்டாமல் காப்பாற்றியும் விடுகிறது. தீண்டியிருந்தால் அவள் சாட்சியம் செல்லாதா?

உத்தமபாளையத்துப் பெண்களுக்கு இது புதிதல்ல. சித்ரா பௌர்ணமிக்கு மலையேறி மங்கலதேவி கண்ணகியைக் கும்பிடுகிறோம்; அரசவையில் வழக்காடிய அவள் வாயை விட்டுவிட்டுக் கற்பை மட்டும் மகள்களுக்குப் போதிக்கிறோம். ஆக்னஸ் என்று பெயர் வைத்த மகளே ‘இந்த மாப்பிள்ளை வேண்டாம்’ என்றால் அறை விழுகிறது.

12 வயதில் அவள் சொன்ன ‘மாட்டேன்’ போதும். ‘கன்னி’யை அடித்துவிட்டு, மறைசாட்சி என்று மட்டும் எழுதுவோம்.