பழுதுற்ற வண்டியும் வக்கீலும்

சேலம், நாமக்கல் சமவெளியிலே, நிலத்தை அடகு வைத்தும் கடன்பட்டும் லாரி ஒன்று வாங்கித் தாமே ஓட்டிப் பிழைப்போர் பலர். அங்ஙனம் வாங்கிய புதுவண்டி சின்னாளில் மீட்டும் மீட்டும் பழுதுற்று நிற்குமாயின், வாடகை நின்றுபோம்; கடன் தவணையோ நில்லாது. அந்நிலையில், வக்கீல் வைத்தே வழக்காடல் வேண்டுமா, நாமே சென்று முறையிடலாகாதா என்னும் ஐயம் எழுதல் இயல்பே.

வக்கீலுக்குக் கொடுக்கும் பணம் வீண்செலவு என்பார் கூற்றிலும் உண்மை உண்டு. 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்படி, பொருளை வாங்கினவர் தாமே ஆணையத்தின்முன் வாதிடலாம். கொடுத்த விலை 50 இலட்சத்துக்கு மேற்படாதாயின், தாம் வசிக்கும் மாவட்டத்து ஆணையத்திலேயே முறையிடலாம். 5 இலட்சம்வரை கட்டணமில்லை. 20 இலட்சத்துக்கு மேல் 50 இலட்சம்வரை 1000 ரூபாயே கட்டணம். தொழிலாகக் கொள்ளாத பிறரும் பிரதிநிதியாய் நிற்கலாம் என்பது 2011-இல் உச்சநீதிமன்றம் அளித்த தீர்ப்பு.

இவையனைத்தும் மெய்யே. எனினும், எதிர்நிற்பது தேர்ந்த வக்கீலையுடைய கம்பெனி என்பதை மறத்தலாகாது. அவர் முதற்கண் எழுப்பும் தடை, வியாபாரத்துக்கு வண்டி வாங்கினவர் நுகர்வோர் அல்லர் என்பதாம். தானே ஓட்டிப் பிழைக்க லாரி வாங்குவோன் நுகர்வோனே என்று 1995-இல் லக்ஷ்மி எஞ்ஜினீயரிங் வழக்கில் உச்சநீதிமன்றம் தெளிவித்தது. ஆட்களை அமர்த்திப் பல லாரி நடத்துவோர்க்கோ இவ்வாயில் அடைபடக்கூடும்.

இரண்டாவது தடை இவ்வட்டாரத் தொழிலையொட்டியது. சேஸ் கம்பெனியிடம் வாங்கப்படுகின்றது. பாடி நாமக்கல் பட்டறையிற் கட்டப்படுகின்றது. பழுது நேர்ந்தால் கம்பெனியார் பட்டறையைச் சுட்டலாம். பட்டறையார் கம்பெனியைச் சுட்டலாம். இருவருங்கூடி அதிகபாரம் ஏற்றியதைச் சுட்டலாம். குற்றம் யாருடையது என்பதை நிபுணர் பரிசோதனையே விளக்கும். 2010-இல் ஃபியட் கார் வழக்கொன்றில், தனி நிபுணர் ஆராய்ந்து உற்பத்திக் குறை கண்டால் விலையைத் திருப்பித் தருக என்று உச்சநீதிமன்றம் ஆணையிட்டது. 2006-இல் மாருதி வழக்கிலோ, வாரண்டியின்படி பழுதான உறுப்பை மாற்றுவதே கடமை, புதுக்கார் தருவதன்று என்றது. ஆகவே எதைக் கேட்பது என்பதும் நுணுகி ஆராயத்தக்கதே.

எமது கருத்து இது. விற்றவர் குறையை எழுத்தில் ஒப்புக்கொண்டும் பழுது நீக்காதிருந்தால், தாமே முறையிடுதல் சாலும். குறை உண்டா, யாருடையது, வாங்கினவர் நுகர்வோரா என்பன வழக்காயின், வக்கீலை நாடுதலே அறிவுடைமை. எவ்வாறாயினும், மனுவை எழுதுமுன் ஒருமுறை அவரது யோசனையைப் பெறுதல் நன்று. வக்கீலின் சேவைக்குறை இச்சட்டத்தின்கீழ் வாராது என 2024-இல் உச்சநீதிமன்றம் கூறியிருப்பதால், ஆராய்ந்தே அமர்த்துக. மகளிர்க்கும் தாழ்த்தப்பட்டோர், பழங்குடியினர்க்கும் வருமானம் குறைந்தோர்க்கும் மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழுவில் இலவச உதவி கிடைக்கும்.

இவற்றுக்கெல்லாம் முன்னது ஆவணம் பேணல். ரசீது, வாரண்டிப் புத்தகம், ஒவ்வொரு முறையும் பட்டறையில் விட்டதற்கான சீட்டு ஆகியவை இன்றேல் எவ்வக்கீலும் என் செய்வார்? குறை நேர்ந்த நாளினின்று 2 ஆண்டுகளுக்குள் முறையிடல் வேண்டும். வீட்டிலே கற்றவர் நம் மாணாக்கர் ஒருவரே ஆயின், அச்சீட்டுகளைத் தேதிவாரியாகத் தொகுத்து வைக்கும் கடன் அவருடையதே.